ஓர் ஆள் நிழல்

நான் வேலை பார்க்கும் நாற்றுப் பண்ணையில் வேறு எந்தக் கன்றையும்விட அதிகம் விலைபோவது நெட்டிலிங்கம்தான். சூலக்கரையைத் தாண்டி, நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது பண்ணை. வாங்க வருகிறவர்கள் யாரும் அதை நெட்டிலிங்கம் என்று கேட்பதில்லை. அசோக மரம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். கல்யாண மண்டபம் கட்டுகிறவர், பெட்ரோல் பங்க் வைக்கிறவர், புதிதாகப் பள்ளிக்கூடம் தொடங்குகிறவர், எல்லோருக்கும் வேண்டியது ஒன்றேதான். மரம் வருஷம் பூராவும் பச்சையாக நிற்க வேண்டும். இடத்தை அடைக்கக் கூடாது. கூட்டிப் பெருக்கும் வேலை வைக்கக் கூடாது. பண்ணை முதலாளி பாய் விருதுநகர்க்காரர், தலைமுறையாகப் பலசரக்கு வியாபாரம் செய்த குடும்பம். எந்தச் சரக்கையும் ஒரு பேச்சில் சொல்லி முடித்துவிடுவார். "வச்ச எடத்துல போலீஸ்காரன் மாதிரி நேரா நிக்கும் சார். ஆனா கைய நீட்டாது" என்பார். கேட்டவர் சிரித்துவிட்டால் வியாபாரம் முடிந்தது.

நான் தாவரவியல் படித்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான்தான். அதனால் நான் என்ன படித்தேன் என்பதை வீட்டில் யாருக்கும் விளங்கச் சொல்ல முடிந்ததில்லை. மரஞ்செடி பற்றிப் படிக்கிறான் என்று அம்மா தெருவில் சொல்லுவாள். அதற்கு எதற்குக் காலேஜு, காட்டுக்குள் ஒரு நடை போய்வந்தால் தெரியாதா என்று கேட்டவர்கள் உண்டு. படிப்பு முடிந்து கிடைத்த வேலையும் மண்ணும் சாணியும் பாலித்தீன் பையுமாக அமைந்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் திருப்திதான்.

ஆனாலும் நெட்டிலிங்கத்தைப் பற்றி எனக்குச் சொல்லப் பிடிக்கும். அது சீத்தாப்பழத்துக்கும் மனோரஞ்சிதத்துக்கும் பங்காளி. பார்த்தால் நம்ப முடியாது. பூவைப் பிரித்துப் பார்த்தால் குடும்ப ஜாடை தெரியும். அந்தப் பூவையோ யாரும் பார்ப்பதே இல்லை. மாசி, பங்குனியில் இலையோடு இலையாக, வெளிறிய பச்சையில், ஆறு இதழோடு நட்சத்திரம் மாதிரி பூக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும். தினமும் அதைத் தாண்டிப் போகிறவர்கள்கூட இந்த மரம் பூக்குமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆடி, ஆவணியில் காய்கள் கொத்தாகப் பழுத்துக் கருத்துப்போகும். வௌவால்கள் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பும். அந்தக் காலைகளில் பழைய கட்டடங்களின் வளாகங்களுக்குச் சாக்கோடு போய்க் கொட்டை பொறுக்குவது எங்கள் வேலை. கொட்டையைச் சுற்றி நீளவாட்டில் ஒரு பள்ளம் ஓடும், நூல் கட்டி இறுக்கின மாதிரி. வெயிலில் காயவிட்டால் உயிர் போய்விடும். வௌவால் எச்சில் காய்வதற்குள் பையில் ஊன்ற வேண்டும். கொழுந்து செம்பு நிறத்தில் வரும். பிறகு வெளிர்பச்சை, பிறகு அந்த எண்ணெய் தேய்த்த மாதிரியான கரும்பச்சை. என்றும் பச்சை என்றால் இலையே உதிராது என்று அர்த்தமில்லை. பழசு ஒன்றிரண்டாக விழுந்துகொண்டே இருக்கும், அதற்குள் புதுசு வந்துவிடும், நமக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

மரம் லேசு. வளையும், சட்டென்று ஒடியாது. ஒரு காலத்தில் பாய்மரம் நிறுத்த இதைத் தேடி வெட்டியிருக்கிறார்கள். பென்சிலுக்கு ஆகும், மேளத்தின் கூட்டுக்கு ஆகும், பெட்டிக்கு ஆகும், தீப்பெட்டிக்கும் ஆகும். சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி வாசலில் இது இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். உள்ளே போயிருக்க வேண்டிய மரம் வாசலில் காவல் நிற்கிறதே என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தோன்றும். உள்பட்டையில் நார் உரித்துக் கயிறு திரித்திருக்கிறார்கள். பட்டையைக் காய்ச்சிக் காய்ச்சலுக்குக் குடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் இன்றைக்கும் மிஞ்சியிருப்பது தோரணம் கட்டுவதுதான். பறித்துக் கயிற்றில் கோத்த பிறகும் நாலைந்து நாள் வாடாமல் தொங்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பெண் மறுவீடு போய்த் திரும்பி வரும்போதும் வாசலில் அந்த இலை பச்சையாகத்தான் இருக்கும்.

ஒன்றுக்கு மட்டும் ஆகாது. அதன் அடியில் உட்கார முடியாது. கிளைகள் தண்டோடு ஒட்டிக் கீழ்நோக்கித் தொங்குகிற வகையைத்தான் நாங்கள் விற்கிறோம். மதியத்தில் அதன் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும்.

ஏழாயிரம்பண்ணை என்ற ஊர்ப் பக்கத்தில் இருந்து ஒரு பட்டாசுக் கம்பெனி கன்று கேட்டிருக்கிறது என்று பாய் ஒரு நாள் சொன்னார். வேலி ஓரமாக ஒரு வரிசை, உள்ளே நடைபாதை ஓரமாகக் கொஞ்சம், ஆள் உயரக் கன்றாக வேண்டும், குழி எடுத்து நட்டும் தர வேண்டும். நெட்டிலிங்கம்தான் வேண்டும் என்று அவர்களே தீர்மானித்துவிட்டுத்தான் பேசியிருக்கிறார்கள். கம்பெனியின் பெயரைச் சொன்னதும் நான் நிமிர்ந்தேன். என் அம்மா வேலை பார்க்கிற கம்பெனி. சீல் வைத்துப் பூட்டியிருந்தது அப்போதுதான் திறந்திருந்தது.

பூட்டின கதையைச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குச் சக்கரம் சுற்றும் வேலை. வெடிமருந்து அடைத்த மெல்லிய காகிதக் குழாயைச் சுருளாகச் சுற்றிப் பசை வைப்பது. கல்யாணத்துக்கு முன்னால் பிறத்தியார் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவள், மழை பொய்த்துப் பொய்த்து வேன் ஏறிக் கம்பெனிக்குப் போனாள். எங்கள் தெருவில் எல்லோர் கதையும் இதுதான். கம்பெனியில் வேலை நடக்கும் அறையை ரூம் என்பார்கள். ஒரு ரூமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். ஒன்று பற்றினால் அடுத்தது பற்றக் கூடாது. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நாலு பக்கமும் கதவு. உள்ளே மின்சாரமே இழுக்கக் கூடாது என்பதால் மின்விசிறியும் கிடையாது. மேலே சிமெண்ட் ஷீட். சித்திரை வெயிலில் மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் அந்த ஷீட் இறக்கும் அனலைத் தலையில் துண்டு நனைத்துப் போட்டுக்கொண்டு தாங்குவார்கள். துண்டு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

ரூம்களுக்கும் சாப்பாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு புங்க மரம் இருந்தது. கம்பெனி கட்டுவதற்கு முன்பே நின்ற மரம். புங்கம் கெட்டிக்கார மரம். மாசியில் மொத்தமாக இலையைக் கொட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் புதுத்துளிர் விட்டு, அக்கினி நட்சத்திரத்துக்குத் தயாராகக் குடை விரித்துவிடும். பூ உதிர்ந்தால் தரையில் பொரி சிந்தின மாதிரி கிடக்கும். அம்மா சேலை மடிப்பில் அந்தப் பூ ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டில் சித்திரை பிறந்ததற்கு அடையாளமே அதுதான்.

அந்த மரத்தடிக்கு முதலில் சாப்பிடத்தான் போனார்கள். பிறகு கொஞ்சம் காகிதத்தை எடுத்துப் போனார்கள். பிறகு தட்டோடு, மருந்துக் குழாயோடு. கோடையில் ரூம்களில் இருந்தவர்கள் பாதிப்பேர் அங்கே வட்டமாக உட்கார்ந்து சுற்றினார்கள். போர்மேன் கண்டும் காணாமலும் இருந்தார். சீசன் ஆர்டர் முடிய வேண்டுமே. ரூமை விட மரத்தடியில் கை வேகமாக ஓடியது அவருக்கும் தெரியும்.

அதில் என்ன தப்பு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ரூமில் நாலு பேர் என்ற கணக்கு எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். வேறொரு கம்பெனியில் இப்படித்தான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஒரு பொறி, மொத்தக் கூட்டமும் போயிற்று. சத்தம் கேட்டதும் புகை எந்தத் திசையில் என்று பார்த்துக்கொண்டு எங்கள் ஊரே தெருவில் நின்றது. நானும் நின்றேன். அம்மாவின் கம்பெனி இருக்கும் திசை இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அந்த வேப்ப மரம் இன்னும் ஒரு பக்கம் கருகி நிற்கிறது. மறுபக்கம் தளிர்க்கிறது.

அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் கம்பெனி கம்பெனியாகச் சோதனைக்கு வந்தார்கள். புங்க மரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுற்றியதைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே சீல். அவர்கள் செய்தது சரி. அதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனால் பூட்டிக் கிடந்த அந்த வாரங்களில் எங்கள் தெருவில் சனிக்கிழமைகள் வரவேயில்லை. சனிக்கிழமைதான் கூலி நாள். அம்மா காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேன் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பாள்.

கன்றுகளோடு நான் போய் இறங்கினபோது புங்கம் இல்லை. அடிமரம் மட்டும் முட்டளவுக்கு இருந்தது. வெட்டுவாயில் இன்னும் ஈரம் இருந்தது. புங்கங்கட்டையை வெட்டினால் வரும் பச்சை வாசனை மருந்து நெடியை மீறி அடித்தது. நான் லோடு ஆட்டோவில் இருந்து கன்றை இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது. மேனேஜர் பக்கத்தில் வந்தார். வயசானவர், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஏன் அண்ணாச்சி இதை வெட்டினீர்கள், சாப்பிடவாவது நிழல் இருந்திருக்குமே என்று கேட்டேன்.

நான் யார் மகன் என்று அவர் தெரிந்துதான் வைத்திருந்தார். "தம்பி, மரத்த வெட்டணும்னு எந்த ஆபீசரும் சொல்லல. நானும் சொல்லல. ஒங்கம்மாட்டயே கேளுங்க" என்றார்.

நட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அம்மாவும் ஊற்றினாள். எங்கள் எதிர்வீட்டு அத்தை, அம்மாவோடு ஒரே ரூமில் வேலை பார்க்கிறவள், வாயை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்ற அவளால் முடியாது.

"ஏன் மருமகனே, இது அசோக மரம்தான?"

அப்படிச் சொல்லுவார்கள், ஆனால் உண்மையான அசோகம் வேறு, அதன் பட்டையைத்தான் பெண்களுக்கான மருந்தில் சேர்ப்பார்கள், இதை யாராவது உரித்துக் காய்ச்சிக் குடித்துவிடாதீர்கள் என்று நான் விளக்கினேன்.

"அது கெடக்கட்டும். சீதை அசோக மரத்தடியிலதான உக்காந்திருந்தா? இதுக்கு அடியில எங்கிட்டு உக்காந்தா? நின்னுக்கிட்டேதான் அழுதிருப்பா."

"அந்தம்மா நம்மள மாதிரியா, ஒல்லியா இருந்திருப்பாக" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரித்தாள், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"நாங்கதான்யா வெட்டச் சொன்னோம்."

பிசைந்த சோற்றை வாயில் வைக்காமலே தொடர்ந்தாள்.

"மரம் இருந்தா உக்காரத்தான்யா செய்வோம். உக்கார மாட்டோம்னு சொல்லலாம். சொல்லிட்டு இருக்க முடியாது. பன்னெண்டு மணிக்கு அந்த ரூமுக்குள்ள நீ இருந்து பாரு, அப்பத் தெரியும். ஒருத்தி எந்திரிச்சுப் போனா போதும், பின்னாடியே எல்லாரும் போவோம். திரும்பப் பூட்டுவாக. இல்ல, அந்தக் கம்பெனில நடந்த மாதிரி நடக்கும். ரெண்டுல ஒண்ணு."

வேலைக்கு இல்லாமல் சாப்பாட்டுக்கு மட்டும் மரத்தடிக்குப் போகலாமே என்றேன். படித்தவன் சொல்கிற யோசனை.

"அப்படித்தான ஆரம்பிச்சோம்" என்றாள் அம்மா.

மேனேஜரிடம் போய்ச் சொன்னதும் அவள்தான் என்று பிறகு அத்தை சொல்லித் தெரிந்தது. பூட்டின கம்பெனியின் கேட்டுக்கு வெளியே எல்லோரும் கூடி நின்று பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். யார் போய்ச் சொல்வது என்று வந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். மேனேஜரே முதலில் வேண்டாம் என்றாராம். அவருக்கு அந்த மரத்தில் ஒரு பிரியம். அப்புறம், வெட்டின இடம் மொட்டையாகத் தெரிந்தால் நன்றாக இராது, பச்சையாக ஏதாவது வைப்போம், உட்கார முடியாத மரமாக வைப்போம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் எங்கள் பண்ணைக்கு அந்த ஆர்டர் வந்தது. ஒரு மரத்தை நிழலுக்காக வாங்குவார்கள், பழத்துக்காக வாங்குவார்கள், அழகுக்காக வாங்குவார்கள். நிழல் இல்லை என்பதற்காக ஒரு மரத்தை வாங்கினவர்களை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

புங்கத்தைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். அடியோடு வெட்டினாலும் அது சாகாது. அந்த ஐப்பசியில் மழை பெய்தது. பட்டுப்போன நெட்டிலிங்கக் கன்றுகளை மாற்றிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்காக நான் கம்பெனிக்குப் போனேன். புங்கங்கட்டையைச் சுற்றி விரல் நீளத்துக்குத் துளிர்கள், அரக்கு நிறத்தில், மினுமினுவென்று. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். யாரும் எதுவும் செய்ய வேண்டாம், தானாகவே வருகிறது, நல்லதாக ஒரு துளிரை மட்டும் விட்டுவிட்டால் நாலைந்து வருஷத்தில் நிழல் விழும், அதற்குள் இந்தச் சோதனை பயமெல்லாம் தணிந்துவிடும் என்றேன். அம்மா, அப்படியா என்றாள்.

அடுத்த தடவை போனபோது கட்டை மொட்டையாக இருந்தது. துளிர் இருந்த இடங்களில் சின்னச் சின்னக் காயம், அன்றைக்கு ஆனது மாதிரி. மேனேஜரின் வேலை என்று நினைத்து வாய்விட்டே திட்டினேன். அத்தைதான் சொன்னாள்.

"அவுகள ஏன் வையிற? ஒங்கம்மாதான் காலைல வரும்போது கிள்ளிட்டு வாரா. தலைக்குப் பூப் பறிக்கிற மாதிரி, போற போக்குல."

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டபோது அவள் மறைக்கவில்லை. "சின்னதுல கிள்ளிட்டா ஒண்ணும் இல்ல. பெருசானா வெட்ட மனசு வராதுல்ல" என்றாள். கட்டை ஒரு வருஷத்துக்கு மேல் துளிர்த்துக்கொண்டே இருந்தது. அம்மாவும் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு கோடையில் கறையான் ஏறிவிட்டது.

நெட்டிலிங்கம் முதலில் நின்ற இடத்திலேயே நிற்கும். வேர் இறங்கின பிறகு விறுவிறுவென்று போகும். சில வருஷத்தில் ரூம்களின் கூரையைத் தாண்டிவிட்டது. சரஸ்வதி பூஜை சமயத்தில் வேனுக்குக் கட்ட அதில்தான் இலை பறித்தார்கள். தீபாவளி லோடு போகிற அவசரத்திலும் வேனின் முன்பக்கம் பச்சைத் தோரணம் ஆடிக்கொண்டு போகும். ஒருமுறை அம்மா இலையின் அடியில் இருந்து ஒரு புழுவைத் தாளில் ஏந்திக் கொண்டுவந்து, இது என்ன பூச்சி, கடிக்குமா என்று கேட்டாள். வண்ணத்துப்பூச்சியின் புழு, கருப்பு றெக்கையில் பச்சைப் புள்ளி வைத்த பூச்சி, சீத்தா மரத்திலும் முட்டை வைக்கும், கடிக்காது என்று சொன்னேன். அந்தப் பூச்சியை அவள் பார்த்திருக்கிறாள். "அதானா" என்று சொல்லி மறுநாள் அதைத் திரும்பவும் கொண்டுபோய் மரத்திலேயே விட்டுவிட்டாள். எனக்கு அந்த மரங்களின்மேல் இருந்த வருத்தத்தைவிட அவளுக்கு இருந்த வருத்தம் குறைவுதான். அல்லது அவள் அந்த வருத்தத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் எங்கேயோ போட்டுவிட்டாள்.

இந்தச் சித்திரையில் அம்மா ரூமில் மயங்கி விழுந்தாள். சுற்றி முடித்த சக்கரத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அப்படியே சாய்ந்தாளாம். நல்ல வேளை, தட்டின்மேல் விழவில்லை என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னாள். விழுந்து உரசினால் பற்றிக்கொள்ளும் என்ற பயம்தான் அவர்களுக்கு முதல் பயம். சாத்தூரில் பார்த்த டாக்டர், உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது, இன்னும் இப்படியே போனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும், அனலில் உட்காரக் கூடாது, நிழலில் செய்கிற வேலையாகப் பாருங்கள் என்றார். அம்மா தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், "நெழல்ல செய்யிற வேலைய இவரு வச்சிருக்காராமா?" என்று என்னிடம் கேட்டாள்.

பண்ணைக்கு வந்துவிடு, பையில் மண் நிரப்புகிற வேலை, பச்சை வலைக்கு அடியில்தான், பாயிடம் சொல்கிறேன் என்றேன். பாயும் உடனே சரி என்றார். அம்மா நாலு நாள் வீட்டில் இருந்தாள். ஐந்தாவது நாள் வேன் ஏறிவிட்டாள். சீசன் முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்கிறாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு தீபாவளி இருக்கிறது.

அவள் திரும்பப் போக ஆரம்பித்த வாரத்தில் ஒரு நாள், வேனின் கூட்டத்தில் நின்றுகொண்டு வர வேண்டாம் என்று நான் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வேலை விடும் நேரம். கம்பெனியின் கிழக்குப் பக்கம் முள்கம்பி வேலி, வேலிக்கு உள்ளே நான் நட்ட வரிசை, வேலிக்கு வெளியே ரோடு. ரோட்டில் வேறு மரம் எதுவும் இல்லை. மேற்கே சரிந்த வெயில் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. வேன் வந்திருக்கவில்லை. நான் கேட்டுக்கு எதிரில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றேன்.

பெண்கள் கையைக் காலைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்கள். வந்தவர்கள் கூட்டமாக நிற்கவில்லை. ஒவ்வொருத்தியும் நேராக ஓர் இடத்துக்குப் போய் நின்றாள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன். மதியமெல்லாம் காலடியில் சுருண்டு கிடந்த நெட்டிலிங்க நிழல்கள் அந்த நேரத்தில் வேலியைத் தாண்டி ரோட்டின் குறுக்கே நீளமாக விழுந்திருந்தன. நடுவில் வெயில், நடுவில் வெயில் என்று பட்டை பட்டையாக. ஒரு பட்டையில் ஓர் ஆள் நிற்கலாம். ஆளுக்கு ஒரு மரம் என்று பழகி வைத்திருந்தார்கள். அத்தை தன் நிழலில் நின்றுகொண்டு அடுத்த நிழலில் நின்றவளோடு வெயிலைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் படித்த எந்தப் பாடத்திலும் இதைப் பார்க்கவில்லை. வேலை நேரம் முழுக்கக் கிடைக்காத நிழல், வேலை முடிந்து வேனுக்குக் காத்திருக்கும் கொஞ்ச நேரத்துக்கு, கம்பெனிக்கு வெளியே, ரோட்டில் வந்து கிடக்கிறது. இங்கே உட்கார்ந்து யாரும் சக்கரம் சுற்றப் போவதில்லை. யாரும் சீல் வைக்கப் போவதும் இல்லை.

அம்மா கடைசியாக வந்தாள். நடையில் அந்தப் பழைய வேகம் இல்லை. வரிசையின் கடைசி மர நிழலில் போய் நின்று, தூக்குவாளியைக் கீழே வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள். நான் பைக்கோடு நடு வெயிலில் நின்றிருந்தேன்.

"ஏலே, எதுக்கு வெயில்ல நிக்க? இங்கன வா."

நான் கிட்டே போனேன். இரண்டு பேர் நிற்க அதில் இடம் இல்லை. வந்து பைக்கில் ஏறு, போகலாம் என்று சொன்னேன். வண்டியில் தண்ணீர் வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"இருடா. இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்க, மூஞ்சி எப்படிக் கருத்துப் போயிருக்கு பாரு. செத்த நின்னுட்டுப் போவோம்" என்றாள்.

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து நிழலுக்குள் இழுத்து நிறுத்தினாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவள் வெயிலுக்கு நகர்ந்தாள்.